பரணி ஒரு கிளாஸ், பள்ளு ஒரு கிளாஸ்

மது ஊற்றுகிறவன் எழுதும் கட்டுரையா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. பினாங்கில் ஒரு ஹோட்டல் பாரில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். சுளித்த மூக்குகள் நிறையப் பார்த்தாயிற்று. அவற்றில் பாதி, பொழுது சாய்ந்ததும் பின்வாசல் வழியாக வந்து "இருமலுக்கு ஒரு சொட்டு" என்று கேட்கும்.

எங்கள் பாரில் ஆறு கலவைகள் பிரசித்தம். ஆறுக்கும் ஆறு இங்கிலீஷ் நாவல்களின் பெயர். கப்பல் கதைக்கு ரம், காதலில் தோற்றுச் சாகிறவளின் கதைக்கு ரோஜா நிறத்தில் ஜின், இப்படி. மானேஜர் துரை வாசிக்கிற மனிதர், அவர் யோசனைதான் அது. வருகிறவர்கள் வழவழப்பான அட்டையைப் பார்த்து, ஒன்றைக் கேட்டுக் குடித்துவிட்டு, அந்தக் கதையைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கலக்கியவன் யார் கண்ணிலும் படாமல் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நிற்பான். எடுத்துக்கொண்டுபோய் வைத்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறவர் வேறொருவர். கலக்கியவன் நான்.

துறைமுகத் தொழிலாளர் வாசகசாலையில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் போன ஆள் நான். அங்கே படித்த பிரபந்த வகைகளில் ஐந்தை எடுத்து நானும் ஐந்து கலவை செய்தேன். பரணிக்கு மிளகு. தூதுக்கு மேலே மிதக்கிற இளநீர் வழுக்கை. உலாவில் ஏழு பருவப் பெண்கள் பார்ப்பதால் ஏழு துளி கசப்பு. அந்தாதிக்குக் கிளாஸின் விளிம்பில் தடவிய அதே கருப்பட்டி அடியிலும் கிடக்கும், முதல் வாயும் கடைசி வாயும் ஒரே ருசி. பள்ளுக்குக் கரும்புச் சாறு, ரம், எலுமிச்சை. மானேஜர் பரணியைக் குடித்து இருமினார். இரண்டாவது கேட்டார். பிறகு, "ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஆட்களிடம் புத்தகங்கள் உண்டா?" என்றார்.

கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மனிதர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தீயாய்ப் பட்டது.

மலாயா சுதந்திரத்தின் முதலாண்டு விழாவன்று எங்கள் பாரைப் புதுப்பித்துத் திறப்பதாக இருந்தது. அன்றைக்கு மேஜைமேல் அவருடைய அட்டைக்குச் சமமாக என் அட்டையும் அச்சாகி இருந்தால் என் ஐந்தும் நிலைக்கும், நானும் தட்டிக்கு முன்னால் வந்து நிற்கலாம். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம். அட்டையின் பின்பக்கம் இங்கிலீஷில் விளக்கம் போட வேண்டும் என்று, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு வரி கேட்டு அவரே ஒரு காகிதத்தில் எழுதியும் தந்தார். என் அறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. லட்சுமியின் சேலைக் கொசுவத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம், அப்படி ஓர் அச்சு. அடியில் சிவகாசி என்று போட்டிருந்தது. கிளம்பிவிட்டேன்.

கப்பல், ரயில் சங்கதிகளை விட்டுவிடுகிறேன். சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, கலக்குகிற வெள்ளிக் குடுவையைத் தூக்கிப் பிடித்து "இது என்ன?" என்றார். மதுவிலக்கு மாகாணம் ஆயிற்றே. "சத்துமாவு கரைக்க" என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி மாவு என்று கேட்டார். பக்கத்திலேயே துணியில் சுற்றி ஒரே ஒரு கிளாஸ் வைத்திருந்தேன். கூம்பாக விரிந்த வாய், மெல்லிய தண்டு, கீழே வட்டப் பாதம். ஓவியருக்கு மாதிரி காட்டுவதற்கு. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முதல் நாள் விருதுநகர். ஆடிக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. பினாங்கில் மழை பெய்யாத வாரம் கிடையாது, இங்கே மழை என்ற சொல்லையே மரியாதையாகச் சொல்கிறார்கள். பசிக்கு ஒரு கடையில் பரோட்டா கேட்டேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்று கல்லில் போட்டு எடுப்பார்கள். இங்கே அதை எண்ணெயில் முக்கிப் பொரித்தே எடுத்துவிட்டார்கள். நொறுக்கி, சால்னாவை ஊற்றி, பிசைந்து தின்கிறபோது கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தினால்தான்.

"எங்கன இருந்து வாரீக?" என்றார் எதிரே இருந்தவர். பினாங்கு என்றேன். "அங்கன சாராயம் தாராளமாமே?" என்று குரலை இறக்கினார். "தாராளம். நான்தான் ஊற்றுகிறேன்" என்று நான் குரலை இறக்காமல் சொன்னேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பரோட்டா போடுகிறவர் மட்டும் எனக்கு இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார்.

சிவகாசி பஸ்ஸில் பக்கத்தில் ஒரு வத்தல் வியாபாரி. என் பெட்டியைக் காலடியில் வைத்திருந்தேன். வழியில் ஆட்டுமந்தை குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதிக்க, பின்னாலிருந்து ஒரு வத்தல் மூட்டை வந்து பெட்டிமேல் உட்கார்ந்தது. உள்ளே 'கிளிக்' என்றது. திறந்து பார்த்தேன்.

"ஏதும் ஒடஞ்சுபோச்சா தம்பி?"

"கால் போச்சு" என்றேன்.

"ஐயையோ, யாருக்கு?" என்று மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

கிளாஸின் வட்டப் பாதம் தனியே கழன்று கிடந்தது. கூம்பும் தண்டும் பத்திரம். வடிவம் தெரிந்தால் போதும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் ஒரு கை வத்தலை அள்ளிக் காகிதத்தில் மடித்து, வேண்டாம் என்று சொல்ல விடாமல் என் பையில் திணித்துவிட்டு இறங்கினார்.

இரண்டாம் நாள் அச்சாபீஸ். இந்த ஊரில் எல்லாமே ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் நாற்காலியும் மின்விசிறியும். இங்கே மருந்து படிந்த கையும் வெயிலில் காயும் குச்சிகளும். அச்சாபீஸ் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற சுறுசுறுப்பு. நான் சொல்லி முடித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தம்பி, இங்கன மதுவிலக்கு. பிராந்தின்னு ஒரு எழுத்து அடிச்சாலும் மிஷினப் பூட்டி சீல் வச்சிருவாக. என்னைய நம்பி அறுவது பேரு இருக்காக."

"பிராந்தி, ரம் ஒரு எழுத்தும் வராது அண்ணாச்சி. பரணி என்று பெயர், ஒரு படம், பாட்டைப் பற்றி ஒரு வரி. பரணி என்று அச்சடிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?"

அண்ணாச்சி மூலையில் பார்த்தார். அங்கே நாற்பது வயதுக்காரர் ஒருவர் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். தமிழ் முறையாகப் படித்தவர், புலவர் என்றே பெயராகிவிட்டவர். பேனாவை மூடிவிட்டு வந்தார்.

"சட்டத்துல குத்தமில்ல அண்ணாச்சி. தமிழுக்குத்தான் குத்தம். தெய்வத்தையும் மன்னனையும் பாடின பிரபந்தத்தக் கொண்டுபோயி கள்ளுக்கடைப் பலகையில எழுதணுமாக்கும்? நீங்க படிச்சவருதானா?"

எனக்குச் சுருக்கென்றது. பினாங்கில் தமிழில் புத்தகம் உண்டா என்கிறார்கள். இங்கே வந்தால், புத்தகம் உண்டு, ஆனால் நீ தொடாதே என்கிறார்கள்.

"ஐயா, பரணியில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்குமா, குடிக்காதா?"

"குடிக்கும்."

"எதைக் காய்ச்சிக் குடிக்கும் என்று மிஷினில் நிற்கிற இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் சொல்லவில்லை. பேய் குடிக்கலாம், பினாங்குக்காரன் குடிக்கக் கூடாதா? அந்த ஆறு இங்கிலீஷ் நாவலும் எங்கள் மேஜையில் தினம் பேசப்படுகிறது. நம்முடையது அலமாரியில் பத்திரமாகப் பூச்சி அரிக்கிறது. எது அவமானம்?"

புலவர் கையை நீட்டினார். நான் எழுதி வைத்திருந்த ஐந்து வரிகளை வாங்கிப் படித்தார். தூதுக்கு, 'போக முடியாதவன் அனுப்பும் சொல்'. பள்ளுக்கு, 'உழுதவர்கள் வாய்திறந்த பாட்டு'. ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திவிட்டு, "தமிழ் தப்பில்லாம வரணும். நான் பாத்துக்கிடுதேன். குடிக்கிற சோலிக்கு நான் பொறுப்பில்ல" என்று இடத்துக்குப் போய்விட்டார். அண்ணாச்சி ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார்.

படம் போடுகிறவர் மாரியப்பன். ஊரில் வெடிக்கிற பெட்டிகளில் பாதி அவர் வரைந்த லேபிளோடுதான் வெடிக்கும் என்றார்கள். தீபாவளி லோடு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவர் முன்னால் பட்டாசு லேபிள்கள் குவிந்து கிடந்தன. சிங்கம், ராக்கெட், ரோஜாப்பூ வைத்த பெண். காக்டெயில் என்பதை அவர் கண்ணாலும் கண்டதில்லை, காதாலும் கேட்டதில்லை.

அதனால் மூன்றாம் நாள் ஆபீஸ் முற்றத்தில் கடை விரித்தேன். ரம் இருக்கிற இடத்தில் பதனீர். சீசன் கடைசி, தேடிப்பிடித்து ஒரு பானை வந்தது. ஜின்னுக்குப் பதில் சோடா. நன்னாரி, எலுமிச்சை, கருப்பட்டி, மிளகு. பஸ்ஸில் கிடைத்த வத்தலையும் பரணியில் போட்டேன். டீ கிளாஸ் ஐந்தில் ஊற்றி வரிசையாக வைத்தேன். வெள்ளிக் குடுவையை நான் குலுக்கிய குலுக்கலைப் பார்த்து மிஷின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். "ஏலே, சாமியாடுதாரு பாருலே" என்றது ஒரு குரல்.

மாரியப்பன் குடிக்கவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டார். அண்ணாச்சி உலாவைக் குடித்துவிட்டு, "போதை இல்லாமலே நல்லாத்தான இருக்கு? இதுல எதுக்கு அந்தக் கருமத்த ஊத்துதீக?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குச் சம்பளம் அந்தக் கருமத்துக்குத்தான் என்றேன்.

அச்சான தாள்களை எண்ணிக் கட்டுகிற காளியம்மாள், எம். புதுப்பட்டி கிராமத்திலிருந்து தினமும் வருகிறவர். அவருக்குப் பள்ளு போயிற்று. ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது என்ன பாட்டுன்னீக?"

"வயலில் வேலை செய்கிறவர்கள் பாட்டு."

"யாரு சொன்னா? வயக்காட்டுல நின்ன பொம்பள நான். பாட்டன் பூட்டன் காலத்துலருந்து அடுத்தவுக காட்டுலதான் நின்னோம். இது கல்யாண வீட்டுப் பானகமாட்டம் இனிச்சுக் கெடக்கு. ஒரு கல்லு உப்பு போடுங்க. வேர்வ வாயில எறங்காம எவ களையெடுத்தா?"

உப்பு போட்டேன். மறுபடி குடித்துவிட்டு, "இப்பச் சரி" என்று சொல்லிவிட்டுத் தாள் எண்ணப் போனார். பதினோரு வருஷத்தில் என் கலவையை ஒருவர் திருத்தியது அன்றுதான். ரோஷம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது கால் இல்லாத கிளாஸை மாரியப்பன் மேஜையில் வைத்தேன். "நிறம் அதைப் பார்த்து, வடிவம் இதைப் பார்த்து" என்றேன். தலையாட்டினார். "நாளை மறுநாள் வாங்க, புரூஃப் காட்டுதேன். முதுகுக்குப் பின்னால ஆளு நின்னா எனக்குக் கை ஓடாது" என்றார்.

நான்காம் நாள் சாத்தூர் போனேன். காராச்சேவு வாங்கித் தின்றேன். பினாங்கில் அதைக் கிளாஸோடு ஒரு தட்டில் வைத்தால் ஆட்கள் எழுந்து போகவே மாட்டார்கள். திரும்பும் வழியில் பஸ் அச்சு முறிந்தது. "இன்னைக்கு இம்புட்டுத்தான்" என்று கண்டக்டர் பையைச் சுருட்டினார். பக்கத்துக் கிராமத்துக் கோயில் மண்டபத்தில் படுத்தேன். காலையில் தீக்குச்சி ஏற்றிய லாரியில் இடம் கிடைத்தது. பீடி பற்றவைக்கக் கூடாது என்று டிரைவர் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார், வாயில் பீடியோடு. அணைந்த பீடிதான், இருந்தாலும் சிவகாசி வரை அதன் நுனியைவிட்டு என் கண் நகரவில்லை.

அச்சாபீஸ் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. அண்ணாச்சி வாசலுக்கே வந்தார்.

"எங்க போயிட்டீக? நேத்துச் சாயந்தரமே புரூஃப் ரெடி. காலையில மிஷின் ரெண்டு மணி நேரம் காலியா நின்னுச்சு. லேபிள் லோடு ஏத்திட்டா பதினஞ்சு நாளைக்கு எறக்க முடியாது. நீங்க கப்பலுக்குப் போவணுமேன்னு நீங்க கேட்ட ஐந்நூறு அட்டையையும் ஓட்டிட்டேன்."

கட்டைப் பிரித்தார். தாள் வழவழத்தது. நிறங்கள் கண்ணைப் பறித்தன. துரையின் அட்டை இதற்குப் பக்கத்தில் நிற்காது. எழுத்து ஒவ்வொன்றும் முத்து. ஆனால் ஐந்து கிளாஸும் தலைகீழாக நின்றன. கூம்பின் வாய் தரையில், தண்டு வானத்தைப் பார்த்து, தண்டின் நுனியிலிருந்து தீப்பொறி பூப்பூவாய்ச் சிதறியது. பரணி சிவப்புப் பொறி. தூது வெள்ளை. ஐந்து அருமையான புஸ்வாணங்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் போட்ட சத்தத்தில் மிஷின் நின்றுவிட்டது. மாரியப்பன் தூரிகையோடு வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"நீங்க குடுத்த சாமான் அப்படித்தான நிக்கும்? மறுபக்கம் வச்சா உருளுது. நானும் மூணு தடவ வச்சுப் பாத்தேன்."

"தண்ணீர் எங்கே நிற்கும் என்று யோசிக்க வேண்டாமா?"

"யோசிச்சேன். சீமைச் சாமான், உள்ளுக்குள்ள ஏதும் இருக்கும்னு நெனச்சேன். மேல குச்சி நீட்டிக்கிட்டு இருந்துச்சா, திரி மாதிரி. பொறி அதுவா வந்துருச்சு. கைப்பழக்கம்."

அவரைத் திட்டி என்ன பயன்? நிற்காத சாமானை மேஜையில் வைத்துவிட்டுச் சேவு தின்னப் போனவன் நான். வேறு தாளில்லை, மிஷினில் ஏற்கெனவே லேபிள் ஏறிவிட்டது, கப்பலுக்கு நாளை நான் கிளம்ப வேண்டும். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் கிளாஸ் நிமிரும், எழுத்து கவிழும். முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மானேஜர் அட்டையைப் பார்த்துச் சிரிப்பார், தட்டிக்குப் பின்னாலேயே என் காலம் முடியும். அழுகை வந்தது, அடக்கவில்லை.

புலவர் வந்து நின்றார். கையில் ஓர் அட்டை.

"ஒவ்வொரு எழுத்தையும் ராத்திரி மூணு தடவ பாத்தேன். ஒரு புள்ளி தப்பில்ல. கிண்ணம் கவுந்திருக்கு, சரி. எழுத்து நிமிந்துதான நிக்கி? நீங்க அங்கன காட்டப் போனது எத, கிண்ணத்தயா எழுத்தயா?"

நான் படத்தையே பார்த்தேன்.

"சண்ட போட்டு அடிக்க வச்சீக. இப்பப் படத்தப் பாத்துப் பயந்தா, பேய்க் கூழுன்னு எங்கிட்ட பேசுன பேச்செல்லாம் வெறும் பேச்சுதானா?"

காளியம்மாள் ஓர் அட்டையைத் தூக்கிக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பள்ளின் படத்தைப் பார்த்தார். "எங்க வேலைக்கு ஒரு பாட்டு, அதுக்குத் தீப்பொறி பறக்குது. இதுல என்ன கொற?" என்றார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "பின்பக்கம் இங்கிலீசு பாக்கி இருக்கு. சின்ன மிஷின்ல ஒரு மணி நேரத்துல ஓட்டித் தாரேன். அதுலயாச்சும் இது கிளாசுதான்னு வெளக்கமாப் போட்டுருவமா?" என்று கேட்டார்.

மானேஜர் எழுதித் தந்த காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அந்த இங்கிலீஷ். பரணி, அதாவது ஒருவகைப் பழைய போர்ப்பாட்டு. தூது, அதாவது. உலா, அதாவது. அதாவது அதாவது என்று ஐந்து தடவை. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். தெரிய வேண்டியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்."

மாரியப்பன் அடுத்த நாள் பஸ் ஏற்றிவிட வந்தார். கட்டைத் தானே சுமந்து வந்து சீட்டில் என் மடிமேல் வைத்தார். "கோவமா?" என்றார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

திறப்பு விழாவன்று மாலை அட்டைகளை மேஜைமேல் நானே பரப்பினேன். மானேஜர் எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். "கிளாஸ் தலைகீழாக இருக்கிறது. பின்னால் ஒன்றுமே இல்லை. இதை எப்படி விருந்தினர் கேட்பார்கள்?" என்றார். கேட்பார்கள் என்றேன். "கேட்காவிட்டால்?" "ஒப்பந்தப்படி நான் வாயைத் திறக்கமாட்டேன்."

முதல் அரை மணி நேரம் யாரும் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பிறகு ஒரு தோட்டத்துரையின் மனைவி அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, பரணியின் படத்தைத் தொட்டு, "இது என்ன, எரிகிறதே?" என்று கேட்டார். பரிமாறுகிறவர் விழித்தார். மானேஜரைப் பார்த்தார். மானேஜருக்கும் நான் சொன்ன அந்த ஒரு வரிக்குமேல் தெரியாது. அந்தக் கட்டடத்தில் அதைச் சொல்லத் தெரிந்தவன் ஒருவன்தான், அவன் தட்டிக்குப் பின்னால் நின்றான். கூப்பிட்டார்கள். வந்தேன். போர்க்களத்தையும் பேய்களையும் கூழையும் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு நான் தட்டிக்குப் பின்னால் போக நேரமே இருக்கவில்லை.

மறுநாள் காலை மானேஜர் என்னை உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுவே முதல்தடவை. பின்பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும் என்று பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீங்கள் எழுதுங்கள், நான் சொல்கிறேன்" என்றேன்.

நீட்டிய கையைப் பின்னிழுத்தார். பிறகு பேனாவைத் திறந்தார். பரணி எழுதினார், தூது எழுதினார், உலாவும் அந்தாதியும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். கடைசியில் பள்ளு. "இது யாருடைய பாட்டு?" என்றார்.

"ஊருக்கெல்லாம் சோறு விளைவித்துவிட்டு ஓரத்தில் நின்றவர்களுடையது. அவர்களில் சிலர் கப்பலேறி இங்கே வந்து உங்கள் ரப்பர் மரங்களைக் கீறினார்கள். என் பாட்டன் அவர்களில் ஒருவர்."

பேனா நின்றது. "இதையும் எழுதவா?"

"அதைத்தான் முதலில் எழுதுங்கள்" என்றேன்.